பார்வை உதவியாளர்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் விழிச்சுடர் நல்வாழ்வு மன்றத்தின் நோக்கம் பார்வையற்றவர்களை உயர்த்துவது. மன்றம் தொடங்கிய நாளிலிருந்து சந்தேகத்துக்கு இடமில்லாமல் உயர்ந்தது அதன் கட்டடம். முதலில் ஒரு மாடி வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு லிஃப்ட். லிஃப்டில் ஏறினால், டத்தோ பட்டம் பெற்ற தலைவர் திருச்செல்வத்தின் அறை. ஏறாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில் மசாஜ் அறை. அங்கேதான் அய்யாவு வேலை செய்தார்.

அய்யாவுக்குச் சின்ன வயதில் அம்மை கண்டு இரண்டு கண்ணும் போயிற்று. மன்றத்தில்தான் மசாஜ் கற்றுக்கொண்டார். அங்கேயே வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தார். நரைத்த செய்தி மனைவி மாதவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மாதவிக்குக் கண் தெரியும். பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை. மகள் ஷாமினி கிள்ளானில் தாதியர் படிப்பு படித்தாள். செந்தூலில் வாடகை ஃப்ளாட். இந்த வீடும் படிப்பும் அய்யாவின் பத்து விரல்களில் ஓடிக்கொண்டிருந்தன. மன்றத்தில் வேலை போனால் அடுத்து என்ன என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுக் கடைகளில் மேசை மேசையாகப் போய் டிஷ்யூ பாக்கெட் விற்பது. அந்தப் பேச்சை எடுத்தாலே மசாஜ் அறையில் யாராவது ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் டத்தோ எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார். அவரே லிஃப்டில் இறங்கி வந்தார்.

"என் அன்பு உடன்பிறப்புகளே," என்று டத்தோ ஆரம்பித்தார். "உங்கள் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு வலிக்கும். எத்தனை முதுகுகள், எத்தனை தோள்கள்! பார்வையில்லாதவர்களை இப்படி உழைக்க விடுகிறோமே என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆகவே உங்களை இந்த உழைப்பிலிருந்து காப்பாற்றத் தீர்மானித்திருக்கிறேன். மசாஜ் செய்யும் ரோபோ வரப்போகிறது."

செயலாளர் புனிதா கைதட்டினாள். கை தட்டும் சத்தம் கேட்டதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

அய்யாவு எழுந்து நின்றார். "டத்தோ, மெஷின் வந்தா எங்களுக்கு வேல இருக்குமா?"

"அருமையான கேள்வி. இப்படிக் கேட்கும் தைரியத்தை உங்களுக்குக் கொடுத்ததே இந்த மன்றம்தான். அதை நினைத்து நான் பெருமைப்படுகிறேன்," என்றார் டத்தோ. கூட்டம் முடிந்தது. எல்லோருக்கும் தேநீரும் கறி பஃப்பும் கொடுத்தார்கள். பதிலுக்காக நின்றுகொண்டிருந்த அய்யாவின் கையிலும் ஒரு கறி பஃப்பை வைத்துவிட்டுப் போனார்கள்.

ரோபோவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். அதற்காக ஷான் என்ற இளம் எஞ்சினியர் வந்தான். மசாஜ் செய்பவர்கள் எல்லோருடைய கையிலும் கம்பிகள் தொங்கும் கையுறையை மாட்டிவிட்டான். "நீங்க எப்பவும் போல செய்ங்க அங்கிள். எவ்ளோ பிரஷர், எந்த எடம், எல்லாம் அது ரெக்கார்ட் பண்ணிக்கும்," என்றான். மரியாதையான பையன். பேசும்போது குரல் தரையைப் பார்த்துப் பேசுவதுபோல் இருந்தது.

அய்யாவு முழு மனதோடு கற்றுக்கொடுத்தார். கழுத்து எலும்பின் ஓரம், தோள்பட்டையின் அடி, குதிகாலின் மேல் என்று எதையும் ஒளிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் வேலை செய்த வீரம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை.

"அண்ணே, உங்களுக்கு என்னா லா ஆச்சு? நீங்க நல்லா சொல்லிக்குடுக்க சொல்லிக்குடுக்க நாம மூட்டையக் கட்டுறோம். நான் வேணும்னே தப்புத் தப்பா அமுக்கிக்கிட்டு இருக்கேன்."

"அப்படி இல்ல வீரம்மா. யாரு நல்லா சொல்லிக்குடுக்குறாங்களோ அவங்கள வச்சுக்குவாங்க. அதுகூடவா தெரியாது அவங்களுக்கு?"

வீரம்மா தன் வாடிக்கையாளரின் முழங்காலைத் தப்பாக அமுக்கினாள். அவர் கத்தினார். அதையும் கையுறை பதிவு செய்துகொண்டது.

கடைசியில் அய்யாவிடம் கற்றது மட்டுமே பயன்பட்டது. ஆகவே அவரைக் கௌரவிக்கும் விதமாக ரோபோவுக்கு "அய்யாவு டூ" என்று பெயர் சூட்டினார்கள். திறப்பு விழாவில் முதல் வாடிக்கையாளராக அவரையே படுக்க வைத்தார்கள். இரண்டு ரப்பர் கைகள் பின்னங்கழுத்தில் இறங்கின. மாதவிக்குத் தலைவலி வந்தால் அவர் எப்படி அமுக்குவாரோ அதே மாதிரி, கட்டைவிரலை லேசாகத் திருப்பி, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, விட்டது. எழுந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று மைக்கில் அறிவித்தார்கள்.

அன்றிலிருந்து குழப்பம் வரக்கூடாது என்பதற்காக அவரைப் பழைய அய்யாவு என்று அழைத்தார்கள். வழக்கமாக வருபவர்கள் போன் செய்து, "அய்யாவுதான் வேணும்," என்பார்கள். "அய்யாவேதான் சார், வாங்க," என்று புனிதா ரோபோவிடம் அனுப்பிவைப்பாள். அய்யாவு மூலையில் உட்கார்ந்து தன் பெயரைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு விடுதலை விழா நடந்தது. மன்றம் யாரையும் வேலையிலிருந்து நிறுத்துவதில்லை என்பதால் அதற்கு அப்படிப் பெயர். மசாஜ் அறையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். "இன்று முதல் நீங்கள் சுதந்திரமானவர்கள்," என்றார் டத்தோ. ஆளுக்கொரு பிரெய்ல் நற்சான்றிதழ் கொடுத்தார்கள். அய்யாவு அதைத் தடவிப் பார்த்தார். காகிதம் வழவழவென்று இருந்தது. புள்ளிகளை மேடு எழும்பக் குத்தாமல் மையில் அச்சடித்திருந்தார்கள். மிக அழகாக இருப்பதாகக் கண் தெரிந்த எல்லோரும் சொன்னார்கள்.

வீரம்மா மறுநாளே மஸ்ஜித் இந்தியா கடைவீதியில் டிஷ்யூ விற்கப் போய்விட்டாள். அய்யாவால் அப்படி உடனே முடியவில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மசாஜ் கடை கடையாக ஏறினார். சில கடைகளில் காசு போட்டால் மசாஜ் செய்யும் நாற்காலி வைத்திருந்தார்கள். சில கடைகளில் இளம் பெண்களைக் கேட்டார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்து, "நல்ல கைதான் பாஸ். ஆனா எனக்கே கஸ்டமர் இல்ல," என்றார். ஷாமினி வீட்டுக்கு வந்து, "படிப்ப நிறுத்திக்கிறேன்பா," என்றாள். அய்யாவு சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டார். மனைவியிடமும் மகளிடமும் அதுவரை குரல் உயர்த்தாதவர் அன்று கத்தினார். கத்திவிட்டு, தட்டு எங்கே போயிற்று என்று தரையில் தடவினார்.

இந்தச் சமயத்தில் மன்றத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. ரோபோ வாங்கப் பணம் கொடுத்தது வெளிநாட்டில் இருக்கும் ஓர் அறக்கட்டளை. அவர்களுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. மசாஜ் செய்பவர் பார்வையற்றவராக இருக்க வேண்டும். நேரில் பார்க்க ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார்கள்.

மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. விடுவித்தவர்களைத் திரும்பக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். சுதந்திரம் கொடுத்துவிட்டுப் பறிப்பது முறையல்ல என்றார் டத்தோ. அப்போது புனிதா ஒரு யோசனை சொன்னாள். ரோபோ கட்டிலில் இருப்பவரைப் பார்ப்பது அதன் தலையில் இருக்கும் இரண்டு கேமராவால். அந்தக் கேமராக்களை டேப் போட்டு ஒட்டிவிட்டால் அதுவும் பார்வையற்றதுதானே?

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டேப் தெரியாமலிருக்க ரோபோவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோலையும் சாய்த்து வைத்தார்கள். எஞ்சினியர் ஷான் ஓடி வந்தான்.

"டத்தோ, கேமரா இல்லாம அது எப்படி வேல செய்யும்?"

டத்தோவின் முகம் மாறியது. "தம்பி, பார்வை இல்லாதவர்களால் எதுவும் முடியாது என்று சொல்கிறீர்களா? இந்த மன்றத்துக்குள் நின்றுகொண்டா?"

ஷான் மன்னிப்புக் கேட்டான்.

அறக்கட்டளைக்காரர்கள் வந்து, கறுப்புக் கண்ணாடி அணிந்த ரோபோவோடு படம் எடுத்துக்கொண்டு, நெகிழ்ந்து போனார்கள். வாடிக்கையாளர்கள் அவ்வளவாக நெகிழவில்லை. ரோபோ தலையணையை மிக நன்றாக அமுக்கியது. கட்டிலின் காலை அமுக்கியது. கிள்ளானிலிருந்து வந்த லோரி முதலாளி ஒருவரின் காதை, அது தோள்பட்டை என்ற நம்பிக்கையில், முழு மசாஜ் நேரமும் பிசைந்தது.

புனிதா அய்யாவுக்குப் போன் செய்தாள். "அண்ணே, வேல இருக்கு. வரீங்களா?"

"வரேன்மா. இப்பவே வரேன்," என்றார் அய்யாவு. என்ன வேலை என்று கேட்கவில்லை.

பதவியின் பெயர் பார்வை உதவியாளர். ரோபோவுக்குக் கண் தெரியாததால் அய்யாவு அதற்கு வழிகாட்ட வேண்டும். படுத்திருப்பவரின் முதுகைத் தடவிப் பார்த்து, மேலே, கீழே, இடது, வலது, அங்கேதான் என்று சொல்ல வேண்டும். ரோபோ அங்கே அமுக்கும். அன்று மாதவி ஆட்டுக்கறி வாங்கிச் சமைத்தாள். ஷாமினிக்குப் போன் போட்டு, "அப்பாவுக்கு வேல திரும்பக் கெடச்சிருச்சு," என்று சொன்னாள்.

ஒரு விதி மட்டும் கடுமையானது. அய்யாவு தொடலாம், அமுக்கக்கூடாது. அமுக்கினால் அது ரோபோவின் பணியில் தலையிடுவதாகும்.

பழைய வாடிக்கையாளர்கள் குப்புறப் படுத்தபடி கிசுகிசுத்தார்கள். "அண்ணே, அந்தச் சனியன நிறுத்திட்டு நீங்களே ரெண்டு அமுக்கு அமுக்குங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"முடியாது சார். வேல போயிரும்."

"வலி தாங்கல அண்ணே."

"தெரியுது சார். விரல்ல தட்டுது. கொஞ்சம் பொறுங்க." பிறகு ரோபோவிடம், "இடது, இன்னும் இடது," என்பார். விரல்கள் தாமாகவே மடங்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். ஆனாலும் அவர் குறை சொல்லவில்லை. மாதக் கடைசியில் ஷாமினியின் கல்லூரிக்குக் கட்ட முடிந்தது.

சிக்கல் பதவியின் பெயரில் வந்தது. வாடிக்கையாளர் பாதுகாப்பு விதிகளைப் புதுப்பித்தபோது, பார்வை சம்பந்தப்பட்ட பதவியில் இருக்கும் எல்லோரும் கண் பரிசோதனையில் தேற வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்துவிட்டது. மன்றத்தில் அப்படிப்பட்ட பதவி ஒன்றுதான் இருந்தது.

புனிதா அவரைக் கண் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். உள்ளே இருந்த பெண் கனிவாகக் கேட்டாள். "அங்கிள், போர்டுல மேல் வரியில என்னா எழுத்து தெரியுது?"

"போர்டு எந்தப் பக்கம்மா இருக்கு?"

"நேரா. உங்க முன்னாடி."

அய்யாவு கொஞ்சம் யோசித்தார். "ஈ," என்றார். யாரோ எப்போதோ அப்படிச் சொல்லிக் கேட்டிருந்தார்.

முதல் எழுத்து சரிதான். அந்தப் பெண் ஆச்சரியத்துடன் அடுத்த வரியைக் கேட்டாள். அய்யாவு தனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகளையெல்லாம் வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்து, இன்னும் வேண்டுமா என்பதுபோல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். புனிதா அவருடைய தோளைத் தொட்டு, "போதும்ணே," என்றாள். அவள் குரலில் அன்றுதான் முதல் தடவையாக ஏதோ உடைந்திருந்தது. ஆனாலும் முடிவை எழுதி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் டத்தோவின் அறைக்கு அழைத்தார்கள். அய்யாவு வாழ்க்கையில் முதன்முறையாக அந்த லிஃப்டில் ஏறினார்.

"அய்யாவு, எனக்கு உங்கள்மேல் எவ்வளவு மரியாதை தெரியுமா?" என்றார் டத்தோ. "ஆனால் பரிசோதனையில் உங்களுக்குப் பார்வை குறைவு என்று வந்திருக்கிறது."

"டத்தோ, எனக்குக் கண்ணு தெரியாதுன்னுதானே இங்க சேத்துக்கிட்டீங்க?"

"அது அப்போது. இப்போது காலம் மாறிவிட்டது. கண் தெரியாதவர் என்பதற்காக உங்களுக்கு மட்டும் சலுகை காட்டினால், அது உங்களை இழிவுபடுத்துவதாகும். நான் அதைச் செய்ய மாட்டேன். சமத்துவத்துக்காகவே இந்த மன்றத்தில் என் வாழ்நாளைக் கழித்திருக்கிறேன்."

"சம்பளத்த பாதியாக்கிக்குங்க டத்தோ. கூட்டுறேன், கழுவுறேன், எதுனாலும் செய்றேன். பொண்ணு படிப்ப முடிக்கிற வரைக்கும் மட்டும்."

"உணர்ச்சிவசப்படாதீர்கள். கூட்டுவதற்கும் ரோபோ வருகிறது."

அய்யாவு நாற்காலியை விட்டு இறங்கி முட்டிபோட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் டத்தோவின் கால்கள் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கைகளை நீட்டித் தேடினார். கம்பளம் தட்டுப்பட்டது. மேசைக் கால் தட்டுப்பட்டது. "டத்தோ, எம் புள்ளைக்காகக் கேக்குறேன். உங்களுக்கும் பொம்பளப் புள்ள இருக்கு," என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். எங்கேயோ லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"எழுந்திரிங்கண்ணே," என்றாள் புனிதா. "டத்தோ போய்ட்டாரு."

அவருடைய இடத்துக்கு டத்தோவின் அக்கா மகன் வந்தான். கண் பரிசோதனையில் முழுமையாகத் தேறியவன். அவன் கைப்பேசியைப் பார்த்தபடியே ரோபோவுக்கு இடது, வலது என்று சொன்னான். கட்டிலில் இருந்தவர்கள் கத்தினால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பான்.

அய்யாவு வீரம்மாவைத் தேடி மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனார். அவள் தன் பையிலிருந்து பாதி பாக்கெட்டுகளை எடுத்து அவர் பையில் போட்டாள். எந்தக் கடையில் உள்ளே விடுவார்கள், எந்தக் கடையில் விரட்டுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தாள்.

"இன்னொன்னு அண்ணே. சிரிக்காதீங்க. சிரிச்சா யாரும் வாங்க மாட்டாங்க."

"நான் எங்க சிரிக்கிறேன்?"

"மேசகிட்ட போனா சிரிக்கிறீங்க. குரல்ல தெரியுது. கஸ்டமர்கிட்ட சிரிச்ச பழக்கம். விட்டுருங்க."

அவர் விட்டுவிட்டார். ஆனால் யாராவது டிஷ்யூ வாங்கும்போது விரல் பட்டால், அந்தக் கையின் இறுக்கம் அவருக்குத் தெரிந்துவிடும். இவருக்குத் தோள்பட்டை பிடித்திருக்கிறது, இவருக்கு மணிக்கட்டில் நீர் கட்டியிருக்கிறது என்று உள்ளே ஏதோ சொல்லும். அதைச் சொல்லப் போய் ஒரு கடையில் திட்டு வாங்கினார். வியாதி இருக்கு என்று பயமுறுத்திக் காசு பறிக்கிறான் என்று கடைக்காரர் வெளியே தள்ளினார். ஷாமினி அந்த மாதமே படிப்பை நிறுத்திவிட்டு ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போய்விட்டாள். இந்த முறை அய்யாவு கத்தவில்லை.

சில வாரம் கழித்துப் புனிதாவிடமிருந்து போன் வந்தது. கிள்ளானில் ஒரு பெரிய மண்டபத்தில் மன்றத்தின் நிதி திரட்டும் விருந்து. மூன்றாவது ரோபோ வாங்குவதற்காக. மேடைக்குப் பார்வையற்றவர்கள் தேவைப்படுகிறார்கள்.

"எதுக்கும்மா நாங்க? மெஷின் இருக்கே."

புனிதா தயங்கினாள். "மெஷின மட்டும் நிறுத்தினா யாரும் அழமாட்டாங்கண்ணே. சாப்பாடு உண்டு. கையில கொஞ்சம் காசும் குடுப்பாங்க."

வீரம்மா வர மறுத்துவிட்டாள். மாதவியும் தடுத்தாள். "போவாதீங்க. இவ்ளோ பட்டும் புத்தி வரலியா உங்களுக்கு?"

"அந்த மண்டபத்துல எத்தன பேரு வருவாங்க தெரியுமா?" என்றார் அய்யாவு. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துத் தரச் சொன்னார்.

மண்டபம் நிறைந்திருந்தது. கோழி வறுவலின் வாசனையும் செண்ட் வாசனையும் கலந்து வந்தன. அய்யாவை மேடையில் ரோபோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்கள். டத்தோ நெடுநேரம் பேசினார். "மனிதனை இயந்திரம் விழுங்கிவிடும் என்கிறார்கள். பாருங்கள், இதோ அய்யாவும் அய்யாவும் அருகருகே நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் விழுங்கினார்களா?" மண்டபம் சிரித்துக் கைதட்டியது. பிறகு மைக்கை அய்யாவின் கையில் கொடுத்தார். "நன்றி சொல்லுங்கள்," என்று காதருகில் சொன்னார்.

அய்யாவு மைக்கை வாயருகே கொண்டுபோனார். தன் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது.

"வணக்கம். என் பேரு அய்யாவு. நான் நல்லா மசாஜ் பண்ணுவேன். கழுத்து வலி, இடுப்பு வலி, எல்லாம் பாப்பேன். வீட்டுக்கே வந்து செய்வேன். செந்தூல், கிள்ளான், எங்க கூப்பிட்டாலும் வருவேன். குடுக்குறத குடுங்க. என் போன் நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க. ஸீரோ ஒன் சிக்ஸ்..."

அவருடைய குரல் ஒலிபெருக்கியில் வருவது சட்டென்று நின்றது. இன்னொரு மைக்கில் டத்தோவின் குரல் எழுந்தது. "நம் அய்யாவு உணர்ச்சியில் தடுமாறுகிறார். இந்த நன்றிப் பெருக்கைப் பாருங்கள்!" கைதட்டல் வெடித்தது. நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நின்று தட்டுகிறார்கள் என்று அய்யாவுக்குப் புரிந்தது. எழுந்து நிற்பவர்களுக்குப் பேனா எடுக்க வசதியாக இருக்காதே என்று தோன்றியது.

யாரோ அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் காலை ஊன்றிக்கொண்டார். கைதட்டலைவிடச் சத்தமாக, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, முதலிலிருந்து மறுபடியும் கத்தத் தொடங்கினார்.